மூன்று வரித் தட்டு

மைக்செட் பன்னீருக்கு
மாசம் இருபது படம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.
ஸ்டான்லி எக்ஸ்ரே ரூமில் குப்பைக்குப் போகிறவை.
"மூச்சை இழு, பிடி, அசையாதே"
என்று நான் சொல்லும்போதே
இருமிவிடுகிறவர்களின் நெஞ்சுகள்.
விலா எலும்பு ரெண்டு ரெண்டாய்த் தெரியும்.
டாக்டருக்கு உதவாது.

பன்னீர் அதை வட்டமாய் வெட்டுவான்.
நடுவில் ஊதுவத்தி நெருப்பால் ஓர் ஓட்டை.
டேபிள் ஃபேன் மோட்டார், தையல் மிஷின் பெல்ட்,
கிழிந்த ஸ்பீக்கரின் வயிற்றில் ஒட்டவைத்த ஊசி.
ஊசி நகர நகர
படத்திலிருந்து மயிர் மாதிரி சுருண்டு வரும்.
நான் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒதுக்குவேன்.
"வாயால ஊதாதக்கா, அதுவும் பதிஞ்சிடும்."

ஒழுங்காய் ஒரு தட்டும் செய்ததில்லை அவன்.
ஒன்று உள்ளேயிருந்து வெளியே பாடும்.
இன்னொன்றில் கொருக்குப்பேட்டை கேட் மூடும் மணி மட்டும்;
கடைசி வரி தன் வாலைத் தானே கவ்விக்கொள்ளும்,
ஊசியைத் தூக்குகிறவரை ரயில் வராது.
மச்சான் கல்யாணத்துக்கு
அதைத்தான் மொய்யாக வைத்தான்.

மூன்று வரித் தட்டும் அந்தப் பைத்தியத்தில் வந்ததுதான்.
ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சுற்றின மூன்று முறுக்கு.
ஒரு பள்ளம் இன்னொன்றைத் தொடாமல் உள்ளே போகும்.
ஊசி எதில் விழுகிறதோ
அன்றைக்கு அதுதான் நடந்தது.

நடந்தது என்னவோ
மூலக்கொத்தளம் கேரம் கிளப்பின் பெண்கள் ஃபைனல்.
நானும் தில்ஷாத்தும்.
தட்டில் வர்ணனை பன்னீரே.
முதல் வரியில் நான் ரெட் போட்டு ஃபாலோ போடுகிறேன்,
இரண்டாவதில் தில்ஷாத்.
மூன்றாவதில் கரண்ட் கட்:
"டேய், மெழுகுவத்தி எங்கடா" என்று ஒரு குரல்,
இருட்டில் யாரோ போர்டில் இடித்து
காய்கள் உருண்டோடும் சத்தம்.

எட்டு மணிக்கு மேல் கிளப்பில் பந்தயம்.
ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி.
படம் வழுக்காமலிருக்க
ஓட்டை போட்ட பழைய ஸ்ட்ரைக்கரை நடுவில் மாட்டி,
கண்ணை மூடிக்கொண்டு ஊசியை வைக்கணும்.
நான் எப்போதும் தில்ஷாத் மேல்தான் கட்டுவேன்.
"இன்னாக்கா இது? கப்பு உன் வூட்டுல,
துட்டு மட்டும் அவ மேலயா?"
சிரித்துக்கொண்டே பஜ்ஜிக்குக் காசு எடுப்பேன்.

கப்பு டிவிப் பெட்டி மேல் இருக்கிறது.
கடைசிக் காய்க்கு நான் குனிந்தபோது
முந்தானைக் குஞ்சம் அதைத் தொட்டது.
அரை விரல்கடை நகர்ந்தது.
அந்த அரை விரல்கடையிலிருந்துதான் குழிக்குப் போனது.
அம்பயர் அப்போது
பவுடர் டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பன்னீரு, நாலாவதா ஒரு வரி போட இடம் இருக்கா?"
"மயிரிழை கூட இல்லக்கா.
போட்டா ஊசி பக்கத்துக்குத் தாவிடும்.
அதுல இன்னா பேசணும்?"
ஒன்றுமில்லை என்றேன்.
உண்மையிலேயே,
அதில் பேச்சு ஒன்றும் இல்லை.
துணி மரத்தைத் தொடும் சத்தத்தை
எப்படி வெட்டுவான்?

மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை
காய்கறிப் பையோடு தில்ஷாத் வந்தாள்.
நாலு வருஷத்துக்குப் பிறகு.
பந்தயம் கட்டவில்லை, கண்ணை மூடவில்லை.
சும்மா ஊசியை வைத்தாள்.
முதல் வரி.

யாரோ ஒருத்தரின் அசைந்துபோன நெஞ்சு சுற்றச் சுற்ற
நான் ரெட் போட்டேன்,
ஃபாலோ போட்டேன்,
பன்னீர் வாயாலேயே கைதட்டல் செய்தான்.
கடைசிவரை நின்று கேட்டாள்.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எல்லாம் சரியாத்தான் சொல்லிக்கிறாரு.
அந்தப் பச்சைக் குஞ்சம்தான்
எங்கயும் கேக்கல."

ஊசியை யாரும் எடுக்கவில்லை.
தட்டின் நடுவில்
என் பழைய ஸ்ட்ரைக்கர் சுற்றிக்கொண்டிருந்தது.